கூடலூர் டூ கூடலூர்: 55 வயசு, இலவச விசா, 4000 ரூபாய்

கூடலூர்னு சொன்னதும் "ஊட்டி பக்கமா?"ன்னு கேக்காத ஆளை நான் இன்னும் பார்க்கலை மக்களே. இல்லைங்க, எங்க கூடலூர் தேனி மாவட்டம். கம்பம் தாண்டி, குமுளி மலை ஏறுறதுக்கு முன்னாடி வர்ற ஊர். பெரியாறு தண்ணி, நெல்லு, திராட்சை, லோயர் கேம்ப் கரண்டு, இதெல்லாம் நாங்க. நீங்க சொல்ற கூடலூர் நீலகிரி மாவட்டம். அது தேயிலை, குளிரு, யானை. காலேஜ் ஹாஸ்டல்ல ரெண்டு ஊர்க்காரனும் ஒரே ரூம்ல இருந்தோம். எனக்கு வந்த கூரியரை அவன் பிரிப்பான், அவனுக்கு வந்த முறுக்கை நான் தின்பேன்.

இந்தப் பதிவு ரெண்டு கூடலூரையும் பத்தினதுதான். ஆனா ஆரம்பிக்கிறது கனடாவுல.

அக்காவும் மாமாவும் டொராண்டோ பக்கம் இருக்காங்க. அப்பா ரிட்டையர் ஆயிட்டார், அம்மாவையும் அவரையும் அங்கேயே வந்து இருக்கச் சொல்லி அக்கா ஒரே பிடிவாதம். அதுக்கு 'சூப்பர் விசா'ன்னு ஒண்ணு இருக்கு. 2011 டிசம்பர்ல கனடா அரசாங்கம் ஆரம்பிச்சது. பேரைப் பார்த்துட்டு குடியுரிமை மாதிரின்னு நினைச்சுடாதீங்க, இது விசிட்டர் விசாவோட அண்ணன், அவ்வளவுதான். பத்து வருஷம் வரைக்கும் போய்ட்டுப் போய்ட்டு வரலாம். ஒரு தடவை போனா ரெண்டு வருஷம் இருக்கலாம்னு இருந்ததை 2022 ஜூலையில அஞ்சு வருஷமா ஆக்கினாங்க. பேப்பர் வேலை முழுக்க என் தலையில. சாப்ட்வேர்ல இருக்கிறவனுக்கு எல்லா ஃபார்மும் நிரப்பத் தெரியும்னு வீட்ல ஒரு நம்பிக்கை.

அதுல முக்கியமான பேப்பர் மருத்துவக் காப்பீடு. குறைஞ்சது 1 லட்சம் கனடா டாலருக்கு, குறைஞ்சது ஒரு வருஷத்துக்கு எடுக்கணும். மூணு விஷயம் அதுல அடங்கணும். வைத்தியம் ஒண்ணு, ஆஸ்பத்திரியில படுக்கிறது ரெண்டு. மூணாவது ஒரு வார்த்தை: ரிபேட்ரியேஷன். அதாவது ஆளுக்கு ரொம்ப முடியாம போச்சுன்னா, இல்லை போயே போயிட்டாருன்னா, திருப்பி ஊருக்கு அனுப்புற செலவு.

அப்பாவுக்கு சுகர். பாலிசியில அதுக்கு ஒரு வித்தியாசமான விதி உண்டு. ஏற்கனவே இருக்கிற நோய் 'ஸ்டேபிளா' இருக்கணும், இத்தனை நாளா மாத்திரை அளவு மாறியிருக்கக் கூடாது. சில பாலிசியில 90 நாள், சிலதுல 180 நாள். நல்லாக் கவனிங்க, டாக்டர் மாத்திரையைக் குறைச்சாக்கூட பல பாலிசியில அது மாற்றம்தான். உடம்பு தேறினாலும் 'ஸ்டேபிள்' கிடையாது! இந்த வரியைப் படிச்சதும் அப்பா, "அப்ப நான் நல்லா ஆகக்கூடாதுங்கிறானா?"ன்னு கேட்டார். சரியான கேள்விதான்.

அந்த மூணாவது வார்த்தையை நான் ஏற்கனவே வேற இடத்துல கேட்டிருக்கேன். ஹாஸ்டல்ல, அந்த இன்னொரு கூடலூர்க்காரன் வாயால. "நாங்க ரிபேட்ரியேட்ஸ்டா"ன்னு சொல்லுவான். தாத்தா காலத்துல இலங்கையில இருந்து வந்த குடும்பம். தமிழ்ல அழகா 'தாயகம் திரும்பியோர்'னு ஒரு பேர். பேர் என்னமோ அழகுதான். விசா ஃபார்மை ஓரமா வச்சுட்டு அந்தக் கதையைப் படிக்க ஆரம்பிச்சேன். அது இங்க வந்து நிக்குது.

வேலை பார்த்த நாட்டுல ஓய்வுக் காலத்தைக் கழிக்கிறதா, வேற நாட்டுக்குப் போறதா, போனா யார் சோறு போடுவா, யார் வைத்தியம் பார்ப்பா? இந்தக் கேள்வியெல்லாம் ஐடிகாரன் வந்தப்புறம் முளைச்சதுன்னு நினைக்கிறோம். எங்க பள்ளத்தாக்குல அதைத் தீர்த்து வச்சுட்டுப் போன முதல் ஆள், லோயர் கேம்ப்ல சிலையா நிக்கிறாரே, அந்த பென்னிகுயிக்தான்.

அவரைப் பத்தி எங்க ஊர்ல தெரியாத குழந்தை கிடையாது. 1887-ல வேலை ஆரம்பிச்சு 1895-ல அணையைத் திறந்தாங்க. மேற்கே போய்க் கடல்ல விழுந்த தண்ணியைக் கிழக்கே திருப்பினவர். சொந்த சொத்தை வித்து அணை கட்டினார்னு ஒரு கதை பரவலா உண்டு. ஆவணப்படி பணம் மதராஸ் அரசாங்கத்தோடது, சொத்து வித்ததுக்கு ஆதாரம் கிடையாது. இதை எங்க டீக்கடையில சொன்னா அடி விழும், அதனால இதோட விட்டுடுறேன் :-)

எனக்கு இப்ப வேண்டியது அவரோட ரிட்டையர்மெண்ட். மனுஷன் பிறந்தது 1841 ஜனவரி 15, புனாவுல. அப்பாவும் ராணுவம்தான், சிலியன்வாலா போர்ல செத்தவர். இவர் இங்கிலாந்துல படிச்சு முடிச்சு 1860-ல இந்தியாவுக்கு வேலைக்கு வந்தார். 1896-ல ஓய்வு. அப்புறம் கூப்பர்ஸ் ஹில்ல இருந்த இந்திய இன்ஜினியரிங் கல்லூரிக்குத் தலைவரா 1899 வரைக்கும் இருந்தார். 1911 மார்ச் 9-ல கேம்பர்லிங்கிற ஊர்ல காலமானார். பிறந்தது இங்க, வேலை பார்த்தது இங்க, ஓய்வு மட்டும் அங்க. அவருக்கு அது 'தாய்நாடு திரும்புறது'. என் கண்ணுக்கு அது ஒரு வகையில வெளிநாட்டுல ரிட்டையர் ஆகுறதுதான்.

அவருக்கு விசா தேவைப்படலை. ரெண்டு கரையும் ஒரே சாம்ராஜ்யம். இந்தியாவுக்குள்ள வர பாஸ்போர்ட் வேணும்னு சட்டம் வந்ததே 1920-லதான். பணம்? அதுக்கு ஒரு பெரிய ஏற்பாடே இருந்துச்சு. இங்க வேலை பார்த்துட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரிகளோட பென்ஷன், லீவு சம்பளம் எல்லாம் இந்திய வருமானத்துல இருந்து லண்டனுக்குப் போகும். 'ஹோம் சார்ஜஸ்'னு கணக்குல பேர். 1890-கள்ல இந்தக் கணக்கு மொத்தமா வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி பவுண்டை ஒட்டி ஓடிச்சு, அதுல பென்ஷனும் லீவு சம்பளமும் ஒரு பெரிய பங்கு. தாதாபாய் நௌரோஜி 'செல்வம் வடிஞ்சு போகுது'ன்னு கத்தினதுல இதுவும் அடக்கம். ஐசிஎஸ் அதிகாரின்னா 25 வருஷ சர்வீஸ், அதுல 21 வருஷம் நிஜமா வேலை பார்த்திருந்தா, வருஷத்துக்கு ஆயிரம் பவுண்டு. செத்துப் போனா மனைவி மக்களுக்குத் தனி நிதி.

இந்தப் பழக்கம் கம்பெனி காலத்துலயே உண்டு. மீர் ஜாபர் உயில்ல விட்டுட்டுப் போன 5 லட்ச ரூபாயை வச்சு ராபர்ட் கிளைவ் ஒரு நிதி அமைச்சார். 1770-ல இருந்து அது 'லார்ட் கிளைவ் நிதி'. கம்பெனிப் பட்டாளத்துல உடம்பு கெட்டுப் போனவனுக்கும், செத்தவன் மனைவிக்கும் பென்ஷன். அதிகாரியா இருந்தா, என்கிட்ட இந்த அளவுக்கு மேல சொத்து இல்லைன்னு சத்தியம் பண்ணித் தரணும். இன்னிக்கு வருமானச் சான்றிதழ் கேக்குற மாதிரிதான். இந்தியாவுல இருந்து மனநிலை தவறித் திரும்பினவங்களுக்குன்னு லண்டன் பக்கத்துல ஈலிங்ல 1870-ல தனி ஆஸ்பத்திரியே வச்சாங்க. உடம்பு, மனசு, பொண்டாட்டி பிள்ளை எல்லாத்துக்கும் கவர். ஸ்டேபிளா இருக்கணும்னு யாரும் கேக்கலை.

ஒரே ஒரு ஓட்டை இருந்துச்சு: எக்ஸ்சேஞ்ச் ரேட். 1870-கள் ஆரம்பத்துல ஒரு பவுண்டுக்கு பத்து ரூபாய் சொச்சம். வெள்ளி விலை விழ விழ, 1894-95-ல அது பதினெட்டு ரூபாய் ஆயிடுச்சு. பென்ஷன் பவுண்டுல எழுதியிருந்தவன் தப்பிச்சான். ரூபாயில எழுதியிருந்தவன், கீழ்மட்ட அதிகாரிங்க, கத்திக் கத்திப் பாராளுமன்றம் வரைக்கும் போனாங்க. வேலையில இருந்தவங்களுக்கு 1893-ல 'எக்ஸ்சேஞ்ச் ஈட்டுப்படி'ன்னே ஒண்ணு குடுத்தாங்க. ரூபாய் விழுந்தா அதிகாரிக்கு நட்டம் வரக்கூடாது, அந்த நட்டத்தையும் இந்திய கஜானாவே தாங்கணும். இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

அணை கட்டின கூலிக்காரங்களுக்கு இதெல்லாம் கிடையாதுங்கிறதை நான் சொல்லித்தான் தெரியணுமா? காலரா, மலேரியாவுல நூத்துக்கணக்கில செத்தாங்க. பெரியாறு அணைக்குப் பக்கத்துல கல்லறைகள் இருக்கு.

அதே காலத்துல தமிழ்நாட்டுல இருந்து இன்னொரு கூட்டம் கடல் தாண்டிப் போய்க்கிட்டு இருந்துச்சு. சிலோன் காபித் தோட்டம், அப்புறம் தேயிலைத் தோட்டம். கங்காணி வந்து ஆள் கூட்டிட்டுப் போவார். 1901 வாக்குல 'டின் டிக்கெட்' வந்துச்சு. தோட்டத்தோட நம்பர் அடிச்ச ஒரு தகர வில்லை. அதைக் காட்டினா ரயிலும் கப்பலும் தோட்டம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும், செலவு தோட்டத்துக் கணக்குல. தோட்டக் கணக்குன்னா கடைசியில கூலி கணக்குதான். அந்த வில்லைதான் அவங்க விசா, அதுவே அவங்க கடன் பத்திரம்.

மண்டபத்துல சிலோன் அரசாங்கத்தோட முகாம் ஒண்ணு இருந்துச்சு. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி அங்க சில நாள் அடைச்சு வச்சு, காலரா, பிளேக் இருக்கான்னு பார்த்து, அம்மை ஊசி போட்டு அனுப்புவாங்க. சூப்பர் விசாவுக்கு மெடிக்கல் டெஸ்ட் எடுக்கிறோமே, அதோட முப்பாட்டன்.

போன இடத்துல வைத்தியம் சுத்தமா இல்லைன்னு சொல்லிட முடியாது. 1872-லயே 'மெடிக்கல் வாண்ட்ஸ்' சட்டம் வந்து, தோட்ட முதலாளிகள் கிட்ட பணம் வாங்கி மாவட்ட ஆஸ்பத்திரிகள் வச்சாங்க. செத்துப்போனா ஆள் நட்டம் இல்லையா. ஆனா அதெல்லாம் உழைக்கிற உடம்புக்கு. வயசான உடம்புக்கு? 1922 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம் ஒரு சலுகை வந்துச்சு. வந்து ஒரு வருஷத்துக்குள்ள உடம்பு ஒத்துக்கலைன்னா இலவசமா ஊருக்குத் திருப்பி அனுப்புவாங்க. ஒரு வருஷம்! வாரண்டி பீரியட் மாதிரி. முப்பது வருஷம் கொழுந்து பறிச்சு முதுகு வளைஞ்சவளுக்கு அந்த வாரண்டி செல்லாது.

போனவங்கள்ல நிறைய பேர் திரும்பலை. ரெண்டு தலைமுறை, மூணு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தாச்சு. 1939-ல இந்தியா புதுசா கூலி ஆள் போறதையே நிறுத்திடுச்சு. அப்புறம் 1948. இலங்கை சுதந்திரம் வாங்கின அதே வருஷம் குடியுரிமைச் சட்டம் போட்டு, ஏறக்குறைய 7 லட்சம் மலையகத் தமிழர்களை எந்த நாட்டுக்காரனும் இல்லைன்னு ஆக்கிட்டாங்க. 1949-ல இன்னொரு சட்டம், வேணும்னா விண்ணப்பிச்சுக்கோன்னு. 8 லட்சத்துக்கு மேல பேருக்காக விண்ணப்பம் போச்சு, கிடைச்சது சுமார் 1,34,000 பேருக்கு. மத்தவங்க பிறந்த வீட்டுலயே வெளியாள். கடை, வியாபாரம்னு இருந்த இந்தியர்களுக்கு 'தற்காலிக வதிவிட அனுமதி'ன்னு ஒரு பேப்பர். நீட்டிப்புக்கு வரிசையில நிக்கணும். விசா ஆபீஸ் வாசல்ல நின்னு பழகின என் தலைமுறைக்கு இந்தப் பேப்பரோட கனம் நல்லாவே தெரியும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். 1964 அக்டோபர் 30. டில்லியில லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கணும், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பேசிக்கலாம். 1974-ல இந்திரா காந்தி காலத்துல அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியா, 75,000 - 75,000னு பிரிச்சாங்க. தோட்டத்துக்காரங்களை யாரும் கேக்கலை. தொண்டமான் எதிர்த்தார், நடக்கலை.

இந்த எண்ணிக்கை எல்லாம் எல்லாரும் எழுதுறதுதான். ஒப்பந்தத்தோட மத்த ஷரத்துகளை யாரும் அவ்வளவா கண்டுக்கிறது இல்லை. நான் அப்பாவோட இன்சூரன்ஸ் பாலிசியைப் பத்து நாளா வரி வரியாப் படிச்சுட்டு இருந்த சூட்டுல அதையும் அதே மாதிரி படிச்சேன். அச்சு அசல் ஒரு ரிட்டையர்மெண்ட் பாலிசிங்க.

முதல்ல விசா. இந்தியாவுக்குப் போகவேண்டியவங்க, போற வரைக்கும் இலங்கையில தங்க இலவச விசா. சும்மா சொல்லக்கூடாது, நல்ல விஷயம். ஆனா யோசிச்சுப் பாருங்க. அங்கேயே பிறந்தவனுக்கு, அவன் வீட்டுலயே இருக்க விசா. இலவசம்னு அதுல ஒரு பெருமை வேற.

ரெண்டாவது வேலை. ஒப்பந்தம் போட்ட அன்னிக்கு வேலையில இருக்கிறவங்க, அவங்க முறை வந்து இந்தியா போற வரைக்கும், இல்லைன்னா 55 வயசு ஆகுற வரைக்கும் வேலை பார்க்கலாம். இதுல எது முதல்ல வருதோ அது வரைக்கும். இந்தக் கடைசித் துண்டுதான் விஷம். பதினைஞ்சு வருஷத்துல கட்டம் கட்டமா அனுப்புறதாத் திட்டம். உங்களுக்கு 1964-ல வயசு 52, உங்க முறை வர்றது 1973-லன்னு வைங்க. 1967-ல வேலை நிக்கும். கப்பல் ஆறு வருஷம் கழிச்சு. நடுவுல? விசா இருக்கும், சம்பளம் இருக்காது. புரோகிராம் எழுதுற பசங்களுக்குப் புரியும், ரெண்டு கண்டிஷன்ல சின்னதை எடுத்துட்டு, ரெண்டுக்கும் நடுவுல விழுற ஆளுக்குக் கோடே எழுதலை. மகனோ மருமகளோ தோட்டத்துல பேர் பதிஞ்சிருந்தா லயத்துல ஒரு மூலை கிடைக்கும்.

மூணாவது பணம். இலங்கையில 1958-லயே ஊழியர் சேமலாப நிதின்னு ஈபிஎஃப் வந்துடுச்சு. தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு. ஆம்பிளைக்கு 55, பொம்பளைக்கு 50 வயசுல எடுத்துக்கலாம். ஒப்பந்தத்துல, கடைசியா நாட்டை விட்டுப் போறப்ப சேமலாப நிதி, கிராஜுவிட்டி உட்பட எல்லாச் சொத்தையும் கொண்டுபோக அனுமதிப்போம்னு இலங்கை ஒத்துக்கிச்சு. கேக்க நல்லா இருக்கா? அடுத்த வரி: அன்னியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு. அதுக்கடுத்தது: ஒரு குடும்பம் கொண்டுபோகலாம்ங்கிற உச்சவரம்பை 4000 ரூபாய்க்குக் கீழ குறைக்க மாட்டோம். அதாவது உச்சவரம்பு போடுவோம், ஆனா நாலாயிரத்துக்குக் கீழ போட மாட்டோம். ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. புருஷனும் பொண்டாட்டியும் முப்பது முப்பது வருஷம் உழைச்சிருந்தாலும் அவங்களுக்கு உறுதி சொன்ன தரைமட்டம் இது.

நாலாவதும் ஒண்ணு இருக்கு. போற வரைக்கும் மத்த நாட்டுக்காரங்களுக்கு உள்ள சலுகை எல்லாம் இவங்களுக்கும் உண்டு, பணம் வெளிய அனுப்புறதைத் தவிர. முன்கூட்டியே ஊர்ல ஒரு குழி நிலம் வாங்கலாம், குடிசை போட்டு வைக்கலாம்னா முடியாது.

வைத்தியத்தைப் பத்தி அந்த ஒப்பந்தத்துல தனியா ஒரு ஷரத்து கிடையாது.

இப்ப அந்த எக்ஸ்சேஞ்ச் ரேட்டை ஞாபகப்படுத்திக்குங்க. 1964-ல இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் ஏறக்குறைய சமம். 1966 ஜூன்ல இந்தியா மதிப்பைக் குறைச்சது, 1967 நவம்பர்ல இலங்கையும் குறைச்சது. 1977 நவம்பர்ல இலங்கை ரூபாயை மிதக்க விட்டாங்க. டாலருக்கு 16 ரூபாய் ஆச்சு. அப்ப இந்திய ரூபாய் டாலருக்கு எட்டரை சொச்சம். அதுக்கப்புறம் கப்பல் ஏறினவங்க கையில இருந்த இலங்கைப் பணம் ராமேஸ்வரத்துல இறங்குறப்ப பாதிதான். வெள்ளைக்கார அதிகாரிக்கு 1893-ல ஈட்டுப்படி குடுத்தாங்களே, இவங்களுக்குக் குடுக்க யாரும் யோசிக்கக்கூட இல்லை. அதே மாதிரி வெள்ளைக்காரன் பென்ஷனை அவன் வேலை பார்த்த நாடு கடைசி வரைக்கும் அவன் போன இடத்துக்கு அனுப்பி வச்சது. இவங்களை வேலை பார்த்த நாடு கணக்கு முடிச்சு அனுப்பிச்சுடுச்சு. ரெண்டு பேருமே கடல் தாண்டி ரிட்டையர் ஆனவங்கதான்.

கப்பல் தலைமன்னார்ல இருந்து ராமேஸ்வரம். தனுஷ்கோடிக்குத்தான் போயிட்டு இருந்துச்சு. ஒப்பந்தம் போட்டு ரெண்டு மாசத்துல, 1964 டிசம்பர்ல, புயல் அந்த ஊரையே கொண்டு போயிடுச்சு. இறங்கினா அதே மண்டபம் முகாம். தாத்தனை ஊசி போட்டு அனுப்பின இடத்துல பேரன் வந்து வரிசையில நின்னான். கையில இந்தியத் தூதரகம் குடுத்த 'குடும்ப அட்டை'. குடும்பத்துல யார் யார், எந்த ஊருக்கு, என்ன உதவின்னு அதுல இருக்கும். சிலருக்கு வியாபாரக் கடன். வாழ்நாள் முழுக்க கொழுந்து மட்டும் பறிச்சவர்கிட்ட பொட்டிக்கடை வைன்னு கடன் குடுத்தா என்ன ஆகும்? ஏமாந்தவங்க ஏராளம். கொடைக்கானல் மலையில கொத்தடிமையா மாட்டினவங்களைப் பத்தி 1980-கள்ல செய்தி வெளிய வந்துச்சு. எங்க மாவட்டத்துக்கு அடுத்த மலை அது.

ஓரளவு தப்பிச்சவங்க தேயிலைக்கே திரும்பினவங்க. 1968-ல தமிழ்நாடு அரசு நீலகிரியில இவங்களுக்காகத் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சது. 1976-ல அது டான்டீ நிறுவனம் ஆச்சு. கூடலூர், பந்தலூர், சேரங்கோடு, அப்புறம் வால்பாறை. அந்தக் குளிரு, அந்த வேலை, அதே மாதிரி லயம். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடும் வைத்தியமும் தோட்டத்தோட பொறுப்பு. என் ரூம்மேட்டோட தாத்தா வந்து சேர்ந்தது இங்கதான். அவங்க வீட்ல அந்தக் குடும்ப அட்டை இன்னும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல பீரோவுக்குள்ள இருக்கு. பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் வந்தப்புறமும் அதைத் தூக்கிப் போட பாட்டி விடலையாம். "எவன் எப்ப வந்து கேப்பானோ"ன்னு சொல்லுமாம்.

பாட்டி சொன்னதுல அர்த்தம் இருக்கு. தோட்டத்துல வீடு வேலையோட வருது, வேலையோட போகுது. ரிட்டையர் ஆனா லயத்தைக் காலி பண்ணணும். 2022-ல டான்டீ நிலத்துல சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறைகிட்டயே திருப்பிக் குடுக்க முடிவாச்சு. ஓய்வு பெற்றவங்களை வீட்டை விட்டுப் போகச் சொல்றதா பெரிய கூச்சல் ஆச்சு, போராட்டம் நடந்துச்சு, வீடு கட்டித் தர்றோம்னு அரசு அறிவிச்சது. 55 வயசுல ஒரு நாட்டை விட்டு அனுப்பப்பட்ட குடும்பம், அடுத்த தலைமுறையில ரிட்டையர் ஆகுறப்ப மறுபடியும் மூட்டையைப் பார்க்குது.

இலங்கையில மிச்சம் இருந்தவங்க கதையையும் சொல்லிடணும். 1984-ல போர் காரணமா கப்பல் நின்னுபோச்சு. அதுக்குள்ள பிள்ளைகுட்டிகளோட சேர்த்து நாலரை லட்சம் பேருக்கு மேல வந்தாச்சு. கையில இந்திய பாஸ்போர்ட்டை வாங்கிட்டு, கப்பல் இல்லாம அங்கேயே நின்னவங்க 84,000 பேர் இருக்கும். இந்தியக் குடிமகன், ஆனா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அந்த இலவச விசாவுலயே வயசானாங்க. 2003-ல இலங்கை ஒரு சட்டம் போட்டு அவங்களுக்கும் நாடற்றவங்களுக்கும் குடியுரிமை குடுத்துச்சு. 1964-ல முப்பது வயசா இருந்தவருக்கு அப்ப 69.

மலேசியாக் கதை இன்னும் வேடிக்கை. 1968-ல அங்க ஒரு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவன் வேலை பார்க்க பெர்மிட் வேணும்னு ஆச்சு. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின தமிழர்கள் பல ஆயிரம் பேர், அறுபதாயிரம்னு சொல்றாங்க, கப்பலேறி ஊர் திரும்பினாங்க. அதே மலேசியா 1996-ல 'சில்வர் ஹேர்'னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. வெளிநாட்டு ரிட்டையர்டு ஆசாமிகளே, எங்க நாட்டுல வந்து தங்குங்கன்னு. 2002-ல அதுதான் 'மலேசியா மை செகண்ட் ஹோம்' ஆச்சு. பேங்க்ல இவ்வளவு டெபாசிட், மாச வருமானம் இவ்வளவு, மெடிக்கல் ரிப்போர்ட், இன்சூரன்ஸ். நரைச்ச முடி ஒண்ணுதான், கூட வர்ற பாஸ்புக்தான் வேற. தாய்லாந்தும் 2019 அக்டோபர் 31-ல இருந்து அம்பது வயசுக்கு மேல ஒரு வருஷம் தங்க வர்றவங்களுக்கு, அந்த ஓ-ஏ விசாவுக்கு, மருத்துவக் காப்பீடு கட்டாயம்னு ஆக்கிடுச்சு.

இப்ப எங்க கூடலூருக்கு வருவோம். விடிகாலையில ஜீப் ஜீப்பா ஜனங்க மலையேறிக் கேரளா ஏலத்தோட்டத்துக்குப் போவாங்க. சாயங்காலம் இறங்கிடுவாங்க. நடுவுல இருக்கிறது ஒரு செக்போஸ்ட், விசா இல்லை. 1956-ல தேவிகுளம், பீர்மேடு எந்தப் பக்கம்னு சண்டை வந்து கேரளாவோட போச்சு. அது மாநில எல்லையா நின்னதால எங்க பாட்டிமாருக்கு 55 வயசு ஷரத்து எதுவும் வரலை. மலையில வேலை பார்த்தாலும் ரேஷன் கார்டு இங்க, உடம்புக்கு முடியலைன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத் தூக்கிட்டு தேனி மெடிக்கல் காலேஜுக்குப் போயிடலாம். மலையில தினக்கூலிக்குப் போன எங்க பக்கத்து வீட்டு அப்பத்தா, வேலையை நிறுத்தின மறுநாளும் அதே திண்ணையில உக்காந்து வெத்தலை இடிச்சது. தலைமன்னாரைத் தாண்டிப் போன அப்பத்தாக்களுக்கு அந்தத் திண்ணை வாய்க்கலை.

2022-ல கேம்பர்லியில பென்னிகுயிக்குக்குத் தமிழ்நாடு அரசு சிலை வச்சுது. நியாயமான மரியாதை, அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை. மண்டபத்துலயோ தலைமன்னார் துறைமுகத்துலயோ ஒரு டின் டிக்கெட்டைக் கல்லுல செதுக்கி வச்சா இன்னும் நல்லா இருக்கும்.

உங்க வீட்டுப் பீரோவுல சிலோன் துண்டு, டின் டிக்கெட், குடும்ப அட்டை, மலாயா சிவப்பு அடையாள அட்டைன்னு எதாச்சும் கிடந்தா தயவுசெஞ்சு ஒரு ஸ்கேன் எடுத்து வைங்க. சேமலாப நிதிச் சீட்டு இருந்தா இன்னும் விசேஷம். கடைசியில கைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு அதுல இருக்கும். கம்பம் பள்ளத்தாக்குல வந்து குடியேறின தாயகம் திரும்பினவங்க குடும்பம் யாராச்சும் இதைப் படிச்சா பின்னூட்டத்துல ஒரு வரி எழுதுங்க. ஞாயித்துக்கிழமை பைக்கை எடுத்துட்டு நானே வந்து உக்காந்து கேட்டுக்கிறேன்.